எஸ்பெரன்ஸிலிருந்து மெல்பர்ன்: கேம்பர்வேனில் வீடு திரும்பும் கடைசி ஓட்டத்தை எப்படிப் பிரிப்பது?

தென்திசை எழுதியது:

வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவை நிதானமாகச் சுற்றி முடித்துவிட்டு எஸ்பெரன்ஸில் நிற்கிறோம். வீடு மெல்பர்னில், டாண்டினாங் பக்கம். ஜனவரி 18 காலை கிளம்பலாம். 28ஆம் தேதி பிள்ளைகளுக்குப் பள்ளி.

வேன்: 2012 டொயோட்டா ஹையேஸ், உயரக் கூரை (தரையிலிருந்து 2.75 மீட்டர்), 3.0 டீசல், ஆட்டோ, 70 லிட்டர் டேங்க். ஓடோமீட்டரில் 3,10,000 கி.மீ. வேனுக்குள் ஃபிரிட்ஜ், விளக்குக்கான வீட்டு பேட்டரி 100 ஆம்பியர்-அவர் லித்தியம், ஓடும்போது அதை ஏற்ற 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். குடிநீர் டேங்க் 60 லிட்டர். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஓட்ட இருவருக்கும் தெரியும்.

நல்லார்பர் சமவெளி வழியாக 5 நாளில் போய்விடலாம், கடைசி நாள் அடிலெய்டிலிருந்து ஒரே மூச்சாக மெல்பர்ன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா? டீசல் எங்கெங்கே போடுவது, ஜெர்ரி கேன் வேண்டுமா? கூடவே 85 முதல் 95 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, அதைத் தாண்டினால் குறைகிறது. இப்படியே வீடுவரை ஓட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செம்மண்சாலை பதில்:

5 நாள் வேண்டாம். எஸ்பெரன்ஸிலிருந்து மெல்பர்ன் ஏறத்தாழ 2,900 கி.மீ. தாளில் பார்த்தால் நாளுக்கு 580தான். ஆனால் ஜனவரியில் கிழக்கே போகிறீர்கள். கோடையில் அந்தச் சமவெளியில் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குக் காற்று, அதுவும் முகத்துக்கு நேரே. உயரக் கூரை வேனை அது நாள் முழுக்கப் பிடித்துத் தள்ளும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் சாதாரணம். வேனும் களைத்திருக்கிறது, ஓட்டுகிறவர்களும் களைத்திருக்கிறீர்கள்.

திட்டத்தை வீட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வீட்டு வாசலுக்கு நண்பகலில் வந்து சேர வேண்டும், கடைசி நாள்தான் எல்லாவற்றிலும் குறைந்த ஓட்டமாக இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் இப்படி வரும்:

எஸ்பெரன்ஸ் – நார்ஸ்மன் – பல்லடோனியா, சுமார் 395 கி.மீ.
பல்லடோனியா – கைகுனா – காக்கிள்பிடி – மடூரா, சுமார் 340
மடூரா – யூக்ளா – பார்டர் வில்லேஜ் – நல்லார்பர் ரோட்ஹவுஸ் (டீசலும் தங்க இடமும் உள்ள சாலையோர விடுதி), சுமார் 380
நல்லார்பர் – பெனாங் – செடுனா, சுமார் 300
செடுனா – கிம்பா – போர்ட் அகஸ்டா, சுமார் 470
போர்ட் அகஸ்டா – அடிலெய்டு ஓரமாக – டெய்லம் பெண்ட், சுமார் 400
டெய்லம் பெண்ட் – பார்டர்டவுன் – ஹார்ஷம், சுமார் 330
ஹார்ஷம் – மெல்பர்ன், சுமார் 300

எட்டு நாள். 25ஆம் தேதி வீடு. 26 ஆஸ்திரேலியா தினம், டயர் கடை, ஒர்க்‌ஷாப் எதுவும் திறந்திருக்காது, அதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள். 26, 27 இரண்டையும் வெறும் உபரி நாளாக விட்டுவையுங்கள். உபரி கட்டாயம் வேண்டும். ஏனென்றால் நார்ஸ்மனுக்குக் கிழக்கே வேறு தார்ச்சாலை கிடையாது. 2019 டிசம்பர் கடைசியில் பிடித்த காட்டுத்தீயில் நீங்கள் போகும் இந்த ஐர் ஹைவே 2020 ஜனவரி வரை பத்து நாளுக்கு மேல் மூடிக் கிடந்தது. கிளம்பும் அன்று காலை மேற்கு ஆஸ்திரேலியாவின் மெயின் ரோட்ஸ் சாலை வரைபடம், எமர்ஜென்சி டபிள்யூஏ எச்சரிக்கைத் தளம், தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு டிராஃபிக் எஸ்ஏ மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

டீசல்: இந்த வேன் வழக்கமாக 100 கி.மீ.க்கு 11 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், எதிர்காற்றில் 13, 14க்கு ஏறும். அப்போது 70 லிட்டரில் நம்பி ஓடக்கூடியது 450 கி.மீ.தான். நார்ஸ்மனில் முழுசாக, கைகுனாவில் முழுசாக (373 கி.மீ.), பார்டர் வில்லேஜில் முழுசாக (350 கி.மீ.). நல்லார்பர் ரோட்ஹவுஸில் ஒரு 25 லிட்டர், மிச்சம் செடுனாவில் நகர விலைக்கு. நல்லார்பரிலிருந்து பெனாங் வரை 220 கி.மீ.க்கு நடுவே எந்த பம்ப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ரோட்ஹவுஸ்களில் மின்சாரமோ கார்டு மெஷினோ படுத்துவிட்டால் ரொக்கம்தான் ஓடும், 300 டாலர் நோட்டாக வையுங்கள். வீடு வரை மொத்தம் சுமார் 380 லிட்டர் ஆகும்.

ஜெர்ரி கேன் வேண்டாம். நார்ஸ்மனுக்கும் செடுனாவுக்கும் நடுவே, பெனாங் வரை உள்ள அந்த 220ஐத் தவிர்த்தால், பெரிய இடைவெளி நார்ஸ்மன்–பல்லடோனியா 191 கி.மீ.தான். பிள்ளைகள் தூங்கும் வேனுக்குள் வெயிலில் டீசல் கேன் வைப்பதற்கு அது ஒரு காரணமே இல்லை.

வேகம்: எல்லை 110. நீங்கள் 90, 95இல் போங்கள். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும், 110இல் நீங்கள் எரிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகும். பின்னால் ரோடு ட்ரெயின் வந்தால் (பல ட்ரெய்லர் கோத்த லாரி, 36.5 மீட்டர் நீளம் வரை வரும்) யுஎச்எஃப் ரேடியோவில் சேனல் 40இல் கேட்டுப் பேசுங்கள். அவர் பக்கவாட்டில் வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக் அழுத்தாதீர்கள். எதிரே வருவது இன்னும் மோசம். முதலில் வேனை வெளியே தள்ளும், கடந்த நொடியில் உள்ளே இழுக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.

சாலையில் இடையிடையே அகல வெள்ளைக் கோடுகள் போட்ட பகுதி வரும். அது பறக்கும் மருத்துவர் சேவை விமானம் இறங்கும் ஓடுபாதை. அங்கே மட்டும் ஓரங்கட்டி நிற்காதீர்கள்.

---

சில்லுவைத்தியம் பதில்:

வணக்கம் தென்திசை. நடுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

85இல் தொடங்கி 95இல் குறையுது எண்டால் முதல் சந்தேகம் சில்லு பாலன்ஸ். ஸ்டியரிங்கில தெரிஞ்சால் முன் சில்லு, இருக்கையில தெரிஞ்சால் பின் சில்லு. பிரேக் பிடிக்கேக்க மட்டும் நடுங்கினால் டிஸ்க். 30, 40 வேகத்திலேயே வண்டி தத்தித் தத்திப் போற மாதிரி இருந்தால் டயருக்குள்ள எஃகுப் பட்டி ரப்பரை விட்டுக் கழருது எண்டு அர்த்தம். அது இருந்தால் ஒரு கிலோமீட்டரும் ஓடக்கூடாது.

கடைக்குப் போக முதல் ஒண்டு செய்யுங்கோ. ரிம்மின்ர உள்பக்கத்தைப் பாருங்கோ. வெளியில கழுவியிருப்பியள், உள்பக்கத்தில செம்மண் சேறு ஒரு பக்கமாக் காய்ஞ்சு சீமெந்து மாதிரி ஒட்டிக் கிடக்கும். 50 கிராம் போதும் இந்த நடுக்கத்துக்கு. தண்ணி ஊத்தி ஊறவிட்டு, மரத்துண்டால சுரண்டி எடுங்கோ. இரும்பால சுரண்டினால் ஒட்டியிருக்கிற ஈயக்கட்டியும் சேர்ந்து போயிடும். நாலு சில்லுக்கும் செய்யுங்கோ.

பிறகு முன் சில்லை ஜாக்கில தூக்கி, கையால சுத்திப் பாருங்கோ. ஒரு குச்சியைத் தரையில ஊண்டி டயரின்ர மேற்பரப்புக்குக் கிட்டப் பிடியுங்கோ. சுத்தேக்க இடைவெளி கூடிக் குறைஞ்சால் டயர் புடைச்சுக் கிடக்கு, மாத்த வேணும். அப்பிடியே மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டினால் பேரிங், இடதும் வலதும் பிடிச்சு ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சில்லோட இணைக்கிற மூட்டு). ரெண்டிலயும் ஆட்டம் இருக்கக்கூடாது.

டயரில DOT எழுத்துக்குப் பின்னால நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் வாரம், மற்ற ரெண்டும் ஆண்டு. சட்டத்துக்கு 1.5 மி.மீ. பொத்தான் (டயர்ப் பள்ளம்) ஆழம் போதும், ஆனா 42 டிகிரித் தாரில முழுப் பாரத்தோட போறதுக்கு நான் 3 மி.மீ.க்குக் கீழ உள்ளதை விடமாட்டன். ஸ்பேர் டயரின்ர காத்தையும் பாருங்கோ, எல்லாரும் மறக்கிறது அதுதான்.

காத்து எவ்வளவு எண்டு கதவோர ஸ்டிக்கரில பாருங்கோ. காலையில குளிர்ந்த டயரில அளவுங்கோ. ஒரு மணித்தியாலம் ஓடினாப் பிறகு திரும்ப அளந்தால் 6 பிஎஸ்ஐ வரை ஏறியிருக்கலாம். அதுக்கு மேல ஏறியிருந்தால் காலையில காத்துக் குறைவு, டயர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகுது. சூடா இருக்கேக்க ஒருநாளும் காத்தை இறக்க வேண்டாம்.

---

தென்திசை:

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னது போலவே முன் இடது ரிம்முக்குள் கட்டியாகச் சேறு. எடுத்ததும் நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் அந்த டயரில் உள்விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் 4 மி.மீ. நிற்கிறது.

---

சில்லுவைத்தியம்:

ஒரு விளிம்பு மட்டும் தேயிறது அலைன்மென்ட். ரெண்டு விளிம்பும் தேய்ஞ்சால்தான் காத்துக் குறைவு. கரடுமுரடான ரோட்டில ஓடினால் டோ (முன் சில்லுகள் உள்ளுக்கோ வெளியிலோ திரும்பி நிக்கிற கோணம்) மாறிப்போகும், ஹையேஸுக்கு வழமையானதுதான். எஸ்பெரன்ஸிலேயே அலைன்மென்ட் செய்து, பாலன்ஸும் போடுவியுங்கோ. நார்ஸ்மன் தாண்டினால் செடுனா வரை ஒழுங்கான டயர் கடை எண்டு எதையும் நம்பேலாது. உள்விளிம்பில கம்பி தெரியத் தொடங்கியிருந்தால் ரெண்டு முன் டயரையும் புதுசா மாத்துங்கோ. தெரியேல்லை எண்டால் அதைப் பின்னுக்குப் போட்டு, பின்னால உள்ளதை முன்னுக்குக் கொண்டுவாங்கோ. சில்லுக் கழட்டி மாட்டினால் 50 முதல் 100 கி.மீ. ஓடினாப் பிறகு நட்டுகளைத் திரும்ப டார்க் ரெஞ்சால இறுக்கிப் பாருங்கோ. உங்களுக்கு அது நார்ஸ்மனுக்கு முன்னமே வந்திடும்.

கூலன்ட், எஞ்சின் ஆயிலை எஞ்சின் ஆறியிருக்கேக்க பாருங்கோ. ரேடியேட்டருக்கு முன்னால வெட்டுக்கிளி, புல்விதை அடைச்சுக் கிடக்கும். எஞ்சின் பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா மெல்லிய தண்ணியால கழுவுங்கோ, பிரஷர் வாஷர் பிடிச்சால் தகடு மடிஞ்சுபோகும். ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்கோ, வெளிச்சம் தெரியாட்டில் புதுசு போடுங்கோ. டீசல் ஃபில்டர் தண்ணி விளக்கு எரிஞ்சால் உடன நிப்பாட்டி, அடி வால்வைத் தளர்த்தி, மேல் பம்ப்பை அமத்தித் தெளிஞ்ச டீசல் வரும்வரை விடுங்கோ. எரிய எரிய ஓடினால் இன்ஜெக்டர் போயிடும்.

---

செம்மண்சாலை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கடிகாரம். இதில்தான் பலரும் விலங்கில் மோதுகிறார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோடை நேர மாற்றம் கிடையாது. கைகுனாவுக்குக் கிழக்கே கடிகாரத்தை 45 நிமிடம் முன்தள்ளச் சொல்லிப் பலகை இருக்கும். அது அந்த ஒரு துண்டுக்கு மட்டுமான உள்ளூர் நேரம். பார்டர் வில்லேஜ் தாண்டினால் ஜனவரியில் பெர்த்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். விக்டோரியாவில் இன்னும் அரை மணி. ரோட்ஹவுஸ் மூடும் நேரம் அந்தந்த இடத்துக் கடிகாரப்படிதான்.

ஜனவரி நடுவில் நார்ஸ்மனில் காலை 5:05 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். நல்லார்பர் ரோட்ஹவுஸில் அதே சூரியன் 7 மணிக்குத்தான். மேற்கில் பழகிய பழக்கத்தில் 6 மணிக்கு எழுந்து கிளம்பினால் அங்கே கும்மிருட்டு முடிந்தும் முடியாத நேரம், கங்காருவும் வாம்பட்டும் சாலையோரத்தில் நிற்கும். இன்னொன்று: நீங்கள் நேர் கிழக்கே போகிறீர்கள். உதித்த முதல் ஒரு மணி நேரம் சூரியன் கண்ணாடிக்கு நட்டநடுவே இருக்கும். அதனால் உதித்து ஒரு மணி கழித்துக் கிளம்புங்கள், மறைய ஒரு மணி இருக்கும்போது நின்றுவிடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள், உள்ளே படிந்த தூசிப் படலம்தான் எதிர்வெயிலில் கண்ணை மறைப்பது. கல்பட்ட புள்ளி இருந்தால் எஸ்பெரன்ஸிலேயே ரெசின் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே 42 டிகிரி, உள்ளே ஏசி காற்று என்றால் புள்ளி கோடாக ஓடிவிடும்.

விலங்கு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக். உயரக் கூரை வேனைத் திருப்பினால் கவிழும்.

போன் சிக்னல் ரோட்ஹவுஸ் சுற்றுவட்டாரத்தில் மட்டும்தான். வரைபடத்தை முன்னமே இறக்கி வையுங்கள். ஐபோன் 14 முதல் உள்ளவற்றில் செயற்கைக்கோள் அவசர அழைப்பு ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும். ஒரு தடவை சோதனை முறையில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

---

அஞ்சறைப்பெட்டி பதில்:

தென்திசை, சமையல் பக்கத்தைச் சொல்கிறேன். செடுனாவின் மேற்கு வாசலில் பழ ஈ சோதனைச் சாவடி இருக்கிறது. கிழக்கே போகும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும், ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். பெர்த் பக்கத்தில் மத்தியதரைக் கடல் பழ ஈ வேர்விட்டிருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா அதைத் தன் எல்லைக்குள் விடாமல் காக்கிறது, ரிவர்லாந்து பழத்தோட்டங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. மறைத்து வைத்தால் அபராதம் உண்டு. அதைவிட, ஒரு புழு வைத்த மிளகாய் ஒரு மாவட்டத்தின் அறுவடையைக் கெடுக்கும் என்பதால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

நம் கூடையில் மாட்டிக்கொள்வது எது என்றால் தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை, மாம்பழம். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான், தொட்டியில் செடியாக வைத்திருந்தால் அதுவும் பிரச்சினை. வெங்காயம், உருளைக்கிழங்கு போகும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். சமைத்தது, உறையவைத்தது, காயவைத்தது, டப்பாவில் அடைத்தது தடையில்லை.

அதனால் எஸ்பெரன்ஸில் மூன்று நாளைக்கு மட்டும் காய்கறி வாங்குங்கள். 2 கிலோ தக்காளியைத் தொக்காகச் சுண்ட வைத்துவிடுங்கள். கொஞ்சம் புளிக்காய்ச்சல். இரண்டும் இருந்தால் சாதம் வடித்தால் போதும், முகாமில் நின்று அரை மணிக்கு மேல் அடுப்பு எரிக்க வேண்டியதில்லை. கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே அடுப்பு மூட்டுவதில் கட்டுப்பாடு உண்டு, அந்தந்தப் பகுதி அறிவிப்பைக் காலையிலேயே பாருங்கள். மூன்றாம் நாள் இரவு நல்லார்பரில் மிச்சக் காய்கறியையெல்லாம் ஒரு கூட்டாகப் போட்டு முடியுங்கள். சாவடி தாண்டியதும் செடுனா கடையில் புதிதாக வாங்கலாம்.

தண்ணீர்: ரோட்ஹவுஸ்களில் குடிநீர் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே அவர்களுக்கே தண்ணீர் அரிது. ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் நால்வருக்கு நான்கு நாளைக்கு 80. டேங்கில் 60, தனியாக 10 லிட்டர் கேன் இரண்டு. அந்தக் கேன்களைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள், டேங்க் குழாய் ஒழுகினால் அதுதான் கை கொடுக்கும். பாத்திரம் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். கழிவறைக் கேசட்டை நார்ஸ்மனில் காலி செய்துவிட்டே கிளம்புங்கள்.

---

தென்திசை:

எல்லாம் குறித்துக்கொண்டேன், 8 நாளாகவே மாற்றிவிட்டோம். நல்லார்பரில் மின்சார இணைப்புள்ள இடம் எடுக்கத் தேவையிருக்குமா? வீடு சேர்ந்தபின் வேனை ஐந்தாறு மாதம் நிறுத்தி வைக்கப் போகிறோம். உடனே செய்ய வேண்டியது என்ன?

---

கூரைமேல்காற்று பதில்:

மின்சாரத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 50 ஆம்பியர்-அவர் எடுக்கும், விளக்கு, போன், விசிறி சேர்த்து 65. நீங்கள் தினம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறீர்கள், 25 ஆம்பியர் சார்ஜரில் 75 ஏறிவிடும். இரவு 40 டிகிரிக் காற்று அடங்காமல் ஏசி போட்டே ஆக வேண்டும் என்றால் மட்டும் இணைப்பு எடுங்கள். பிள்ளைகள் தூங்கினால்தான் மறுநாள் நீங்கள் ஓட்ட முடியும், அந்தச் செலவு வீண் இல்லை.

ஹார்ஷமிலிருந்து கடைசி நாள்: காலை 8 மணிக்குக் கிளம்பி, பல்லாரட்டில் ஒரு முறை நின்று, 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே ரிங் ரோடு ஏறுங்கள். மாலை நெரிசலில் 2.75 மீட்டர் வேனோடு பாதை மாறி மாறிப் போவது கடைசி நேரச் சிராய்ப்புக்குத்தான் வழி. வழியில் மளிகை வாங்க எந்த அங்காடியின் மூடிய கார் நிறுத்தத்துக்கும் போகாதீர்கள். பெரும்பாலும் 2.1, 2.2 மீட்டர்தான் உயரம். பல மாதம் திறந்த வெளியிலேயே நிறுத்திப் பழகியவர்களுக்குக் கூரை உயரம் மறந்துபோயிருக்கும். தெற்கு மெல்பர்னில் மாண்டேகு தெருப் பாலம் 3.0 மீட்டர், கூரையில் பெட்டியோ விசிறி மூடியோ இருந்தால் அளந்து பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வீடு சேர்ந்த அன்றே: கேஸ் சிலிண்டரை மூடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவுக்கு நடுவே சுருட்டிய துண்டு வைத்துத் திறந்தே விடுங்கள். கழிவுநீர் டேங்க், கேசட் இரண்டையும் வீட்டுக்கு வருமுன்பே பல்லாரட்டிலோ ஹார்ஷமிலோ உள்ள டம்ப் பாயிண்டில் (கழிவு கொட்டும் இடம்) முடித்துவிடுவது நல்லது. மெத்தையைத் தூக்கிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள், அடிப்பலகையில் ஈரம் பூத்திருக்கும். அதைக் காய விடாவிட்டால் ஆறு மாதத்தில் கரும்பூஞ்சைதான்.

அந்த வாரத்துக்குள்: அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள். எஸ்பெரன்ஸ் கடற்கரையில் மணலில் ஓட்டியிருந்தால் உப்பு, சாஸி மடிப்புகளுக்குள் செம்மண்ணோடு குழைந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேகத்தைவிட நேரம் முக்கியம். தோட்டத்துச் சுழல் ஸ்பிரிங்க்ளரை வேனுக்கு அடியில் வைத்து, பக்கத்துக்கு அரை மணி ஓட விட்டாலே வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெளியும்வரை விடுங்கள்.

தண்ணீர் டேங்க்: முதலில் கார்பன் ஃபில்டரைக் கழற்றுங்கள். 60 லிட்டர் நிரப்பி, வாசனை சேர்க்காத 4 சதவீத பிளீச் 75 மில்லி விடுங்கள். எல்லாக் குழாயையும் பிளீச் மணம் வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் ஊற விடுங்கள். முழுக்க வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி மணம் போகும்வரை கழுவி, பிறகு டேங்கையும் பைப்பையும் காலியாகவே வையுங்கள். பம்ப்பைச் சில நொடி உலர ஓட்டினால் உள்ளே நிற்கிற மிச்சமும் போய்விடும்.

லித்தியம் பேட்டரியை முழுசாக ஏற்றி வைக்காதீர்கள். 50, 60 சதவீதத்தில் நிறுத்தி ஐசொலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். சோலார் தகடு இருந்தால் அதன் கன்ட்ரோலரையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தினமும் 100க்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பேட்டரி வேறு வகை, அதை முழு சார்ஜில் வைத்துச் சிறு சார்ஜர் மாட்டிவிடலாம். டீசல் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்கில் மேலே நிற்கும் காற்று இரவுக் குளிரில் வியர்த்து டீசலோடு தண்ணீர் சேரும், மெல்பர்ன் குளிர்காலத்தில் அது நிச்சயம் நடக்கும்.

எஞ்சின் ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள், எடுக்கும்போது அல்ல. பழைய ஆயிலில் அமிலமும் கரியும் இருக்கும், ஆறு மாதம் பேரிங்கில் ஊற விடக்கூடாது.